விருந்தாளியின் கால்விரல்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஓர் ஏசி அறை உண்டு. அதில் வீட்டுக்காரர் யாரும் படுப்பதில்லை. லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் வருகிறவர்களுக்கான அறை அது. வருடத்தின் பெரும்பகுதியில் அங்கே அரிசி மூட்டையும் இஸ்திரி போடாத உடுப்புகளும் ஒரு கால் உடைந்த கதிரையும் குடியிருக்கும். விமானம் இறங்குகிற கிழமையில் அவையெல்லாம் எங்கோ மாயமாகி, புதுப் படுக்கை விரிப்பு வரும். எங்கள் வீட்டில் அந்த ஏசியின் ரிமோட் என் மனைவியின் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். காப்புறுதிப் பத்திரங்களை யாருக்கும் விளங்காத ஆங்கிலத்திலிருந்து யாருக்கும் விளங்காத தமிழுக்கு மாற்றுவது என் தொழில். சித்திரை வெயிலில் பனியனோடு உட்கார்ந்து "தீயினால் ஏற்படும் சேதங்கள்" என்று தட்டச்சு செய்துகொண்டு, ஒருக்கா ரிமோட்டைத் தா என்று கேட்டால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்.

"நீங்கள் என்ன, வெளிநாட்டில இருந்தே வந்தனீங்கள்?"

ஆகவே அக்கா தன் பல்லியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது, அந்தப் பல்லி வெளிநாட்டுப் பல்லி என்பதுதான்.

அக்கா கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கிறாள். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அத்தான் காலமாகிவிட்டார். ஒரே மகன் ரொறொன்ரோவுக்குப் போகும்போது தன் புத்தகங்களையும் கிரிக்கெட் மட்டையையும் இந்தப் பல்லியையும் விட்டுவிட்டுப் போனான். லெபர்ட் கெக்கோ என்பார்கள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, கத்தரிக்காய்க் காம்பு போலத் தடித்த வால். எங்கள் பல்லிகளைப் போலச் சுவரில் ஏறத் தெரியாது. சாத்திரம் சொல்லவும் தெரியாது, ஏனென்றால் அது வாயைத் திறந்து ஒரு சத்தமும் போடுவதில்லை. மகன் அதற்கு ஒரு பந்தாட்டக்காரனின் பெயர் வைத்திருந்தான். அது அக்காவின் வாயில் நுழையவில்லை. முதல் மாதம் "உந்தச் சனியன்" என்றாள், பிறகு "அது" என்றாள், இப்போது "பிள்ளை" என்கிறாள்.

யாழ்ப்பாணம் போகிற பஸ்கள் எங்கள் பக்கத்துப் பெருவீதியான காலி வீதியில் இருந்துதான் புறப்படும். ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போகிற வழியில் அக்கா ஓட்டோவில் கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியில் மூன்று குறி திருநீறு. சாமிக்கு வைத்த கையோடு இதற்கும் வைப்பது அவள் வழக்கம்.

"தம்பி, சாப்பாடு எல்லாம் உனக்குச் சொல்லித் தந்திட்டன். ஒண்டுதான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவன் கோல் எடுப்பான். நான் உன்னையும் சேர்ப்பன். நீ பிள்ளையைக் காட்டினாக் காணும்."

"அவன் உன்னோட கதைக்கத்தானே அக்கா எடுக்கிறான்?"

"என்னோட கதைக்க அவனுக்கு என்ன கிடக்கு? சாப்பிட்டியா எண்டு நான் கேப்பன். ஓம் எண்டுவான். நீங்கள் சாப்பிட்டியளா எண்டு அவன் கேப்பான். நான் ஓம் எண்டுவன். முடிஞ்சுது. பிள்ளையைக் காட்டினாத்தான் கொஞ்ச நேரம் நிப்பான்."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற அதே குரலில் இதையும் சொன்னாள். பிறகு தோள்பையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

தொட்டியை எங்கே வைப்பது என்று மனைவி கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

"ஏசி றூமுக்கை வைப்பம்."

"பல்லிக்கு ஏசியோ?"

"சும்மா பல்லியே இது? இதின்ர பரம்பரை ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம். வெளிநாட்டு ஆள். விருந்தாளி."

மனைவி என்னைப் பார்த்தாள், பல்லியைப் பார்த்தாள். வீட்டுச் சட்டத்தை எழுதியவளே அவள்தான். அதில் விருந்தாளிக்கு எத்தனை கால் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. சேலைகளுக்கு அடியில் இருந்து ரிமோட் வெளியே வந்தது.

வந்தவரைத் தனியே விடுவது மரியாதை இல்லை என்பதால் நானும் மடிக்கணினியோடு அங்கே குடிபெயர்ந்தேன். பகலில் வேலை, இரவில் நித்திரை, இரண்டும் அங்கேதான். தொட்டியின் அடியில் சூடாக்கும் பாய் இருந்தது, ஆகவே விருந்தாளிக்குக் குளிராது. எனக்குத்தான் போர்வை வேண்டியிருந்தது. கொழும்பில் போர்வை போர்த்திக்கொண்டு படுப்பது என்ன சுகம் என்பதை வெளிநாட்டுச் சொந்தக்காரர் இத்தனை வருடம் என்னிடம் மறைத்துவிட்டார்கள். என் மொழிபெயர்ப்புகூடத் தெளிவடைந்தது. "வெள்ளத்தினால் ஏற்படும் சேதங்கள்" என்ற பகுதியை ஒரே மூச்சில் முடித்தேன். உதடு காய்ந்து வெடித்தது, குதிக்காலில் பிளவு வந்தது. வயசு என்று எடுத்துக்கொண்டேன். இந்த வயதில் எதற்கும் அதுதான் கைவசம் இருக்கிற விளக்கம்.

ஒருநாள் பல்லி வெளுத்தது. மஞ்சள் எல்லாம் மங்கி, மாவில் புரட்டியெடுத்தது போல் ஆனது. இது எனக்குத் தெரியும். வாசிக்கிற ஆள் அல்லவா. பல்லி தோல் உரிக்கப் போகிறது, உரித்த தோலைத் தானே சாப்பிட்டுவிடும், நாங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று மனைவிக்குச் சிறு விரிவுரை நிகழ்த்தினேன். மறுநாள் காலையில் புது மஞ்சளோடு மினுங்கியது. என் விரிவுரைக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது என்று நினைத்தபோது மனைவி குனிந்து பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, காலில என்ன?"

இரண்டு முன்னங்கால்களிலும், பின்னங்கால் ஒன்றிலும், ஒவ்வொரு விரல் நுனியிலும் வெள்ளையாக ஏதோ இறுகிக் கிடந்தது. குட்டிக் காலுறை போட்டது போல. மற்ற இடமெல்லாம் கழன்ற தோல் அங்கே மட்டும் கழலவில்லை.

"நல்லெண்ணெய் தடவுங்கோ," என்றாள் மனைவி. அவளுடைய வைத்திய சாத்திரத்தில் தலையிடியும் கதவுக் கீலும் ஒரே அத்தியாயம்.

வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். அறிவினால் அல்ல, எண்ணெய் தடவுவதென்றால் அதைப் பிடிக்க வேண்டும் என்பதனால். மனைவியின் புருவச் சாவணத்தை எடுத்து ஒரு நுனியை மெல்ல இழுத்துப் பார்க்கலாம் என்று கையை உள்ளே விட்டேன். இத்தனை நாள் மௌன விரதம் இருந்த பிராணி வாயைத் திறந்து, உள்ளே இருக்கிற இளஞ்சிவப்பு எல்லாவற்றையும் காட்டியது. சாவணம் ஒரு பக்கம் விழுந்தது, நான் ஒரு பக்கம். தானாகக் கழன்றுவிடும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோல் வந்தது. திரையின் ஒரு கட்டத்தில் அக்காவின் மகன், என் மருமகன்; பின்னால் ரொறொன்ரோவின் காலை வெளிச்சம். இன்னொரு கட்டத்தில் அக்காவின் நெற்றி மட்டும். அக்காவுக்கு போனை எங்கே பிடிப்பது என்பது இன்னும் பிடிபடவில்லை. நான் பல்லியின் தலையை மட்டும் காட்டினேன். பிறகு வாலைக் காட்டினேன். கல்யாண வீடியோக்காரன் மாப்பிள்ளையின் வழுக்கையை மறைப்பது போல இடையில் உள்ளதை மறைத்துக்கொண்டே போனேன்.

"மாமா, கால் ஒருக்காக் காட்டுங்கோ."

"எந்தக் கால்?"

"எல்லாக் காலும்."

காட்டினேன். அவன் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தான்.

"மாமா, முகத்தைக் கிட்டக் கொண்டு வாங்கோ."

"பல்லியின்ரயோ?"

"உங்கட."

கொண்டுபோனேன்.

"உங்கட சொண்டு ஏன் உப்பிடி வெடிச்சுக் கிடக்கு? பின்னால என்ன இரையுது? ஏசியா?"

"ஃபேன்," என்றேன்.

"ஏசிதான் தம்பி," என்றாள் மனைவி கதவடியில் இருந்து. "ராப்பகலா."

மருமகன் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. அது வறண்ட நாட்டுப் பல்லிதான், ஆனால் தோல் கழற்றுகிற நேரம் ஈரமான பொந்துக்குள் போய்த்தான் கழற்றும் என்றான். ஏசி காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டது. காயக் காயத் தோல் விரலைச் சுற்றி இறுகும், இரத்தம் ஓடாது, விரல் கறுத்து விழுந்துவிடும்.

"விழுந்திடுமோ?" என்றது அக்காவின் நெற்றி. "கொட்டாஞ்சேனையில இப்பிடி ஒரு நாளும் வரேல்லையே. நான் ஒண்டுமே செய்யிறேல்லை."

அதுதான் விஷயம். துறைமுகத்து லொறிகள் கிளப்புகிற புழுதிக்குப் பயந்து அக்கா தோய்த்த உடுப்பை வெளியே போடுவதில்லை. விறாந்தைக்குள், பல்லித் தொட்டிக்கு நேர் மேலே, கொடி கட்டிக் காயப்போடுவாள். அந்த வீட்டில் பப்படம்கூட ஒரு மணித்தியாலத்தில் நமத்துவிடும். அக்காவின் ஈரச் சேலைக்குக் கீழே அந்தப் பல்லி ராஜ வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது. நான் அதற்குச் செய்தது உபசாரம்.

மருமகன் செய்ய வேண்டியதைச் சொன்னான். முடிக்கும்போது, "நாளைக்கும் எடுக்கிறன், காட்டுங்கோ," என்றான்.

ரிமோட் சேலைகளுக்கு அடியில் திரும்பிப் போனது. சன்னலைத் திறந்தேன். கடல் காற்று, ரயில் சத்தம், பக்கத்து வீட்டு மீன் பொரியல் எல்லாம் சேர்ந்து உள்ளே வந்தன. ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் பல்லி நுழைகிற அளவுக்குத் துளை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, உள்ளே ஈரமான சமையலறைக் கடதாசியை விரித்துத் தொட்டிக்குள் வைத்தேன். பெட்டியின் மேல் "வனிலா" என்று எழுதியிருந்தது. விருந்தாளி அரை நாள் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது.

முழுகவார்ப்பதுதான் பெரிய வேலை. ஒரு தட்டையான பாத்திரத்தில் கைச்சூட்டுக்கும் கொஞ்சம் குறைந்த சூட்டில் தண்ணீர், பல்லியின் கணுக்கால் மட்டத்துக்கு மட்டும். அதில் அதைக் கொஞ்ச நேரம் நிற்க விட வேண்டும். பிறகு கையில் எடுத்து, காது குடைகிற பஞ்சுக் குச்சியை நனைத்து, விரலின் அடியில் இருந்து நுனிப் பக்கமாக உருட்ட வேண்டும். இழுக்கவே கூடாது. வராவிட்டால் விட்டுவிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம். இழுக்காமல் இருப்பதுதான் கஷ்டம். நுனியில் ஒரு துண்டு கிளம்பி நிற்கும்போது அதைப் பிடித்து இழுக்காமல் இருக்க எனக்கு இருந்த பொறுமை முழுவதும் தேவைப்பட்டது. இருந்ததே கொஞ்சம்தான்.

முதல் விரல் வெளியே வந்தபோது, ஊசிமுனைக்கு உறை போட்டது மாதிரி ஒரு சின்ன வெள்ளைக் கூடு பஞ்சில் ஒட்டிக்கொண்டது. அதன் உள்ளே இருந்த விரல் இளஞ்சிவப்பாக, உயிரோடு இருந்தது. நான் சத்தம் போட்டு மனைவியைக் கூப்பிட்டேன். பட்டம் வாங்கியபோதுகூட நான் அவ்வளவு சத்தம் போட்டதில்லை.

டொக்டரிடமும் காட்டச் சொல்லி மருமகன் ஒற்றைக்காலில் நின்றதால் மாஜரின் டப்பா ஒன்றில் காற்றுத் துளை போட்டுக் கொண்டுபோனேன். மிருக வைத்தியரின் வரிசையில் எனக்குப் பக்கத்தில் சடைப் பூனையோடு ஒரு சிங்கள அம்மா. என் டப்பாவை எட்டிப் பார்த்து "மே மொகத?" என்றார், இது என்ன என்று. "ஹூனெக்," என்றேன், பல்லி என்று. அவர் பூனைக் கூடையைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, "கெதர ஹூனோ நெத்த?" என்று கேட்டார். வீட்டில் பல்லி இல்லையா என்று. நியாயமான கேள்வி. எங்கள் வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு குடும்பமே இருக்கிறது. அவையும் தோல் உரிக்கின்றன. ஒருவரும் பெட்டி வெட்டியதில்லை, கோல் எடுத்ததுமில்லை.

டொக்டர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். கண்ணில் தோல் ஒட்டவில்லை, அது நல்லது, விரல்களிலும் இரத்தம் ஓடுகிறது, எண்ணெய் ஏதும் பூச வேண்டாம், இதையே தொடருங்கள் என்றார். வீட்டுக்கு வந்து எண்ணெயைப் பற்றி மட்டும் முதலில் சொன்னேன்.

இப்போது மருமகன் ஒவ்வொரு பின்னேரமும் கோல் எடுத்தான். அங்கே வேலைக்குப் போகிற நேரம், இங்கே பல்லி முழுகுகிற நேரம். நான் போனைப் பாத்திரத்துக்கு மேலே பிடிப்பேன், விரலை உருட்டும்போது மனைவி வாங்கிப் பிடிப்பாள். அவன் "வலது பக்கம் ரெண்டாவது விரல் மாமா, மெல்ல, மெல்ல" என்பான். விரல் ஊற வேண்டிய நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் அக்காவும் அவனும் கதைத்தார்கள். தேர் எப்படி என்று கேட்டான். தேர்முட்டியடியில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று அவள் சொன்னாள். அவர்களை அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஒருநாள் பேச்சோடு பேச்சாக, தான் முந்திய வேலையை விட்டுப் புது இடத்தில் சேர்ந்து கனகாலம் என்றான்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே அம்மா. சாப்பிட்டியா எண்டுதானே கேக்கிறனீங்கள்."

அக்கா "அங்க என்ன வேலை, சொல்லு," என்றாள். அவன் சொல்லத் தொடங்கினான். இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். தண்ணீர் ஆறியது. பல்லியை எடுத்துத் துணியில் ஒற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அது கண்ணை மூடியது. போன் பிடித்த கை வலித்தது. திரையில் இப்போது அக்காவின் முழு முகமும் தெரிந்தது. எப்போது போனைச் சரியாகப் பிடிக்கப் பழகினாள் என்று தெரியவில்லை.

அடுத்த நாள் அவள் தனியாக எனக்கு எடுத்தாள்.

"இன்னும் எத்தினை விரல் கிடக்கு?"

"ரெண்டு. நாளைக்கு வந்திடும் போல."

"ஆறுதலாப் பார் தம்பி. ஏன் அவசரப்படுறாய்?"

எனக்கு விளங்கிவிட்டது. விளங்காதது போல் இருக்கவும் பார்த்தேன். ஆனால் அந்த இரண்டு விரல்களில் ஒன்று நுனியில் நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

"அக்கா, ஒண்டு கறுக்குது. விட்டா விழுந்திடும்."

மேளச் சத்தம் கேட்டது. கோயில் வீதியில் நின்று கதைக்கிறாள்.

"எடு," என்றாள். "பிள்ளையின்ர விரல். எடு."

எடுத்தேன். ஒன்று முழுதாக வந்தது. கறுத்ததில் நகத்தின் முனை மட்டும் போனது, விரல் தப்பியது. மருமகன் அன்று திரையில் கை தட்டினான். "அப்ப சரி மாமா, பெரிய உதவி. அம்மா, வைக்கட்டே? வேலைக்கு நேரமாகுது," என்றான். அடுத்த நாள் கோல் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது, பல்லியைப் பார்த்தான், விரல்களை எண்ணினான், சாப்பிட்டியளா என்று கேட்டான். ஓம் என்றாள் அக்கா.

திருவிழா முடிந்து அக்கா வந்து தொட்டியோடு கொட்டாஞ்சேனைக்குப் போனாள். வனிலாப் பெட்டியையும் கூடவே கொடுத்து, அதைப் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு நிபுணனின் தோரணையில் விளக்கினேன். தன் ஈரச் சேலைக்குக் கீழே இது எதற்கு என்ற பார்வையோடு வாங்கிக்கொண்டாள். அங்கே பல்லி அடுத்த முறை வெளுத்து, அவள் பாத்திரம் கழுவி வருவதற்குள் உரித்துச் சாப்பிட்டும் முடித்துவிட்டதாம். ஒரு விரலிலும் ஒன்றும் இல்லை. போனில் இதைச் சொன்னபோது அவள் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை.

போன ஞாயிறு பின்னேரம் கோலில் என்னையும் சேர்த்தார்கள். அக்கா பல்லியைக் காட்டிக்கொண்டிருந்தாள், போனை நன்றாகவே பிடித்திருந்தாள்.

"மாமா, நீங்கள் ஒருக்காப் பாருங்கோ," என்றான் மருமகன். "இடது முன்னங்கால், நடுவிரல். வெள்ளையாத் தெரியுது. அது தோலா? அம்மா தோல் எண்டுறா."

முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனேன். நடுவிரலில் வெள்ளை இருந்தது. ஒட்டிய தோல் கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும், ஓரம் சுருண்டிருக்கும். இது பொடி. தொட்டிக் கண்ணாடியிலும் அதே வெள்ளையில் மூன்று குறி திருநீறு, இன்று வைத்தது. பல்லிக்குப் பின்னால் அக்காவின் கை தெரிந்தது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் வெள்ளையாக இருந்தன.

போனைத் தன் முகத்துக்குத் திருப்பி அக்கா என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

இந்த விஷயத்தில் வெள்ளவத்தையில் என்னைவிட அனுபவம் உள்ள ஆள் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"தோல்தான்," என்றேன். "பயப்பட ஒண்டுமில்லை. ஆனா விடவும் கூடாது. அக்கா, இளஞ்சூட்டுத் தண்ணியில நல்லாக் கழுவி விடு. தம்பி, நீ நாளைக்கும் ஒருக்கா எடுத்துப் பார்."